புது ‘ஸ்டார் ட்ரெக்’ வந்தாலே ரசிகர்கள் ஏன் கொதிக்கிறாங்க?

1987 செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடங்கியது. கேப்டன் கிர்க் இல்லை, ஸ்பாக் இல்லை. அவர்கள் இடத்தில் பேட்ரிக் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய நாடக நடிகர். வழுக்கைத் தலை, பாத்திரமோ பிரெஞ்சுக்காரர். கிர்க்கையும் ஸ்பாக்கையும் இருபது ஆண்டுகளாகக் கொண்டாடிவந்த ரசிகர்களுக்கு இதை ஜீரணிக்க முடியவில்லை. தயாரிப்பாளர்களுக்கும் உள்ளூர பயம் இருந்திருக்க வேண்டும். முதல் எபிசோடிலேயே பழைய தொடரின் டாக்டர் மெக்காயை முதியவராகக் கொண்டுவந்து, புதுக் கப்பலை வாழ்த்த வைத்தார்கள்.

அதே நெக்ஸ்ட் ஜெனரேஷனைத்தான் இன்று “இதுதான் நிஜமான ஸ்டார் ட்ரெக்” என்று காட்டி, புதிதாக வரும் ஒவ்வொரு தொடரையும் அடிக்கிறார்கள்.

ஒரு தொடர் வெளியான முதல் நாளே ஒரு ஸ்டாரும் பத்து ஸ்டாரும் மாறிமாறிக் குவிவதைப் பார்த்து, “இவங்களுக்கு என்னதான் பிரச்னை?” என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பிரச்னை புதிதல்ல. ஆனால், அதன் விளைவு இப்போது ரொம்பவே மாறியிருக்கிறது.

இது பழைய கதை

முதல் ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி. சேனலில் வந்தது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெர்ரி. மூன்று சீசன், 79 எபிசோடுகளோடு 1969-ல் நிறுத்தினார்கள். இரண்டாவது சீசனிலேயே மூடியிருக்க வேண்டியது. ரசிகர்கள் கடிதம் மேல் கடிதமாக எழுதிக் குவித்ததால் இன்னொரு சீசன் கிடைத்தது. அதையும் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது சேனல். இளைஞர்கள் யாரும் வீட்டில் இருக்காத நேரம்! ஸ்டார் ட்ரெக் பெரிய பெயரானது அதற்கு அப்புறம், மறுஒளிபரப்புகளில்தான்.

அதன் பிறகு எது வந்தாலும் புகார் ரெடியாக இருந்தது. 1993-ல் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் கதை. ‘ட்ரெக்’ என்றால் பயணம், இவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே என்றார்கள். 1995-ல் ‘வாயேஜர்’: பெண் கேப்டனா? 2001-ல் ‘என்டர்பிரைஸ்’ வந்தபோது தொடக்கப் பாடலை மாற்றச் சொல்லி மனுவே போட்டார்கள். (அந்த மனுவில் ஓரளவு நியாயம் உண்டு. பாட்டைக் கேட்டால் புரியும்.)

‘டிஸ்கவரி’யில் நடந்தது என்ன?

2017 செப்டம்பரில் ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ வந்தபோதுதான் சண்டை வேறு லெவலுக்குப் போனது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த முதல் ஸ்டார் ட்ரெக் தொடர் அது. அமெரிக்காவில் முதல் எபிசோடை மட்டும் சி.பி.எஸ். சேனலில் இலவசமாகக் காட்டிவிட்டு, மீதியைப் பார்க்க மாதம் 5.99 டாலர் கட்டச் சொன்னார்கள். இந்தியா உட்பட வெளிநாடுகளில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது.

ரசிகர்களின் கோபத்தை ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. அதில் நியாயமான விமர்சனம் நிறைய இருந்தது. கதை நடப்பது கிர்க் காலத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்பு. ஆனால், கப்பலும் கருவிகளும் கிர்க் காலத்தைவிட நவீனமாக இருந்தன. கிளிங்கன்களின் முகத்தையே மாற்றியிருந்தார்கள், முதல் சீசனில் அவர்களுக்கு முடிகூட இல்லை. நாயகி மைக்கேல் பர்னம், ஸ்பாக்கின் வளர்ப்புச் சகோதரி என்றார்கள். ஐம்பது ஆண்டுகளில் ஸ்பாக் ஒரு தடவைகூட வாய் திறக்காத சகோதரி! வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு கதை என்ற பழைய வடிவம் போய், சீசன் முழுக்க ஒரே போர்க்கதை ஓடியது.

இதையெல்லாம் ‘கேனன்’ பிரச்னை என்பார்கள். அதாவது, இதுவரை சொல்லப்பட்ட கதை உலகத்தின் விதிகளை மீறாமல் இருப்பது. வெளியே இருந்து பார்த்தால் அற்ப விஷயம் மாதிரித் தெரியும். ஆனால், பல ஆண்டுகளாக ஒரு கற்பனை உலகத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த விதிகள்தான் அந்த உலகம். நமக்கு நன்றாகத் தெரிந்த ஊரில் தெருக்களை இடம் மாற்றிவைத்துவிட்டு, “ஊர் அதேதான்” என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? தயாரிப்பாளர்களுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். இரண்டாவது சீசன் முடிவில் கப்பலை 900 ஆண்டுகளுக்கு மேல் எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மீறுவதற்குப் பழைய விதி எதுவும் இல்லை.

இதே நேரத்தில் இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. கறுப்பினப் பெண் ஏன் நாயகி, தன்பாலினத் தம்பதி எதற்கு, ஸ்டார் ட்ரெக்கில் அரசியல் எதற்கு என்ற குரல். இது விமர்சனம் இல்லை. பழைய தொடர் தெரிந்தவர்கள் இதைச் சொல்லவும் முடியாது. 1966-லேயே அந்தக் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கறுப்பினப் பெண் அதிகாரியும், ஆசிய அதிகாரியும் இருந்தார்கள். பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு ரஷ்யரையும் சேர்த்தார்கள். உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் தொடரிலிருந்து விலக நினைத்தபோது, போகாதீர்கள் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். நிக்கல்ஸே இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், கிளிங்கன் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவரும், நாயகியின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டவரும் கொடுத்தது அதே ஒரு ஸ்டார்தான். ரேட்டிங்கில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்போ கிடைத்த நேரம், இப்போ இல்லை

நெக்ஸ்ட் ஜெனரேஷனின் முதல் இரண்டு சீசன்கள் சுமார்தான். தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். 1988-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. இரண்டாவது சீசன் பழைய காட்சிகளை ஒட்டிய ஓர் எபிசோடோடு முடிந்தது. ஊரே பேசிய தருணம் வந்தது 1990 ஜூனில், மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடில். கேப்டன் பிக்கார்டையே எதிரிகள் தங்களில் ஒருவராக மாற்றிவிடும் கட்டம் அது. அதன் பிறகு ‘கிர்க் இல்லாத ஸ்டார் ட்ரெக்கா?’ என்ற கேள்வியே பெரும்பாலும் அடங்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 26, 22, 26. அந்த இடத்துக்கு வர 74 எபிசோடுகள் தேவைப்பட்டன.

டிஸ்கவரி ஐந்து சீசன் ஓடி, 2024 மே மாதம் முடிந்தது. மொத்தமே 65 எபிசோடுகள்தான். நெக்ஸ்ட் ஜெனரேஷன் தன் காலில் நிற்கத் தொடங்கிய இடத்தை எட்டுவதற்கு முன்பே இதன் கதை முடிந்துவிட்டது. இப்போது ஒரு சீசன் என்றால் பத்து எபிசோடு. அன்று 26-ல் நான்கு சொதப்பினால் மறந்துவிடுவார்கள். இன்று பத்தில் நான்கு சொதப்பினால் சீசனே காலி.

நேரம் குறையக் குறைய, முதல் வாரக் கூச்சலுக்கு மதிப்பு கூடுகிறது. கோபம் அதேதான், அதைத் தாங்கி நின்று தேறுவதற்கான அவகாசம்தான் போய்விட்டது.

‘ஸ்டார் வார்ஸ்’ பக்கம் இதைவிடக் கொடுமை. ‘தி அகோலைட்’ 2024 ஜூன் 4 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. எட்டே எபிசோடு. ஜூலை நடுவில் முடிந்தது, ஆகஸ்டில் ரத்துச் செய்தி வந்துவிட்டது. விமர்சகர்கள் ஓரளவு நல்லபடியாகவே எழுதினார்கள். ரசிகர் ரேட்டிங் அதலபாதாளம். வெறுத்தவர்கள் “நாங்கள்தான் நிறுத்தினோம்” என்று கொண்டாடினார்கள். ஆதரவாளர்கள் “வெறுப்புக்குப் பணிந்துவிட்டது டிஸ்னி” என்றார்கள். நிறுவனத் தரப்பில் பின்னர் சொல்லப்பட்ட காரணமோ சாதாரணமானது: ஆன செலவுக்குப் பார்த்தவர்கள் எண்ணிக்கை ஈடாகவில்லை.

இந்த இடத்தில் நிறுவனங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. திரைக்கதை பலவீனம் என்று ஒருவர் நியாயமாகச் சொன்னால், அவரையும் ‘டாக்ஸிக் ரசிகர்’ பட்டியலில் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அந்த வெறுப்பை உண்மையில் சுமப்பது நடிகர்கள்தான். கெல்லி மேரி ட்ரான் 2018-ல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு ஒதுங்கினார். 2022-ல் மோசஸ் இங்க்ரம் தனக்கு வந்த இனவெறி மெசேஜ்களை வெளியே காட்டினார். அப்போது ஸ்டார் வார்ஸ் அதிகாரப்பூர்வக் கணக்கும் நடிகர் யுவான் மெக்ரிகரும் அவருக்காகப் பேசினார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இப்படிப் பேசியிருக்கலாம்.

ரசிகர்கள் சொன்னால் கேட்பார்களா?

எதைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டிஸ்கவரி முதல் சீசனில் டாக்டர் கல்பரைக் கொன்றபோது, தன்பாலின ஈர்ப்புள்ள பாத்திரங்களையே ஏன் எப்போதும் பலி கொடுக்கிறீர்கள் என்று ரசிகர்கள் கேட்டார்கள். குறிப்பான கேள்வி. அவர் கதை முடியவில்லை என்று தயாரிப்பாளர்கள் உடனே சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த சீசனில் அவர் திரும்பி வந்தார். 2021 நவம்பரில், நான்காவது சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, வட அமெரிக்காவுக்கு வெளியே நெட்ஃப்ளிக்ஸிலிருந்து டிஸ்கவரியை எடுத்துவிட்டார்கள். பாரமவுண்ட் பிளஸ் பல நாடுகளில் அப்போது இல்லவே இல்லை. கிளம்பிய எதிர்ப்பில் பத்தே நாளில் ஐரோப்பாவில் சில நாடுகளுக்காவது மாற்று ஏற்பாடு செய்தார்கள்.

2023-ல் குழந்தைகளுக்கான ‘ஸ்டார் ட்ரெக்: ப்ராடிஜி’ தொடரை பாரமவுண்ட் பிளஸ் ரத்து செய்து, தளத்திலிருந்தே தூக்கியது. ரசிகர்கள் மனு எழுதினார்கள், காசு சேர்த்தார்கள், தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பேனரோடு ஒரு சிறு விமானத்தை ஓடிடி நிறுவனங்களின் அலுவலகங்களுக்கு மேலே பறக்கவிட்டார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று தொடர் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. 2024 ஜூலையில் இரண்டாவது சீசனும் முழுசாக வெளியானது. 1968-ல் கடிதம் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் செய்த வேலை இது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்டார் ட்ரெக் பார்க்கலாமா என்று யோசித்தால் ஒரு யோசனை. நெக்ஸ்ட் ஜெனரேஷனை மூன்றாவது சீசனிலிருந்து தொடங்குங்கள். பிடித்தால் பின்னால் போய்க்கொள்ளலாம். டிஸ்கவரிக்கும் அதேதான், மூன்றாவது சீசன். ரேட்டிங் போடுவதாக இருந்தால் அதற்கு அப்புறம் போடுங்கள்.