இலை வேறு, தைலம் வேறு!

கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? “காத்துதான், ஒண்ணுமில்ல. கொஞ்சம் தைலம் போட்டு விடு” என்பார் பாட்டி. உடனே புட்டி இறங்கும். தொப்புளில் ஒரு சொட்டு, மார்பில் ஒரு தடவல், சளி பிடித்திருந்தால் மூக்கடியிலும் ஒரு தடவல்.

பாட்டி வைத்தியத்தை நாம் குறை கூற வரவில்லை. டாக்டரைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியிருந்த காலத்தில் தோட்ட மக்களுக்குத் துணை நின்றது அதுதான். ஆனால், இலையையும் தைலத்தையும் ஒன்றாக நினைப்பது ஆபத்து.

புதினாவும் பெப்பர்மிண்டும் ஒரே இனம்தான். என்றாலும், சட்டினிக்கு அரைக்கும் புதினாவில் மெந்தால் மிகக் குறைவு. பெப்பர்மிண்ட் எண்ணெயிலோ சுமார் பாதியளவு மெந்தாலாகவே இருக்கக்கூடும். கூடை கூடையாக இலையைக் காய்ச்சி வடித்த சாரம் அது. அதை அப்படியே குடிக்கலாகாது.

பெரியவர்களுக்குச் சாப்பிட்ட பின் வயிறு மந்தமாக இருந்தால், ஏழெட்டு இலைகளைக் கழுவி, ஒரு கோப்பை கொதிநீரில் போட்டு, பத்து நிமிடம் மூடி வைத்துக் குடிக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. பெப்பர்மிண்ட் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்துவதால் புளிப்பு மேலே ஏறி, எரிச்சல் கூடும்.

தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மூக்கிலோ முகத்திலோ மார்பிலோ மெந்தால், கற்பூரம் கலந்த எந்தத் தைலத்தையும் தடவாதீர்கள். அந்த நெடியில் பச்சைக் குழந்தையின் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடலாம். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஜி-6-பி-டி குறைபாட்டுச் சோதனை செய்கிறார்கள். அக்குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்ட பிள்ளைக்குத் தைலமும் வேண்டாம், துணிகளுக்கு நடுவே அந்துருண்டையும் வேண்டாம். இரத்தம் சிதைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும்.

வாங்கும் புட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். புட்டியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்பில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. இவற்றையும் “வாயுப் பிடிப்பு” என்று சொல்லித் தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறோம். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999 எண்ணுக்கு அழையுங்கள். வலது அடிவயிற்றில் விடாத வலி, மலத்தில் இரத்தம், காய்ச்சலோடு வயிற்று வலி ஆகியவற்றுக்கும் கஷாயம் போதாது. டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று கிளினிக்குக்குப் போகாமல் இருக்கும் குடும்பங்களின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால், போன சம்பளத்தை அடுத்த மாதம் சம்பாதிக்கலாம்; போன உயிரை எங்கே போய்த் தேடுவது? புதினா நம் வீட்டு வேலியோரம் தழைத்து வளரட்டும். தைலப் புட்டி மட்டும் தொட்டில் பக்கம் வராதிருக்கட்டும்!