நம்ம ரோட்டுக்கு 17 இன்ச் வீல் எதுக்கு?

சின்ன காருக்குப் பெரிய அலாய் போடணும்னு ஆசைப்படறதுல தப்பே இல்லை. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நீங்க மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தினமும் ஓட்டற ஆள்னா, ரீல்ஸ்ல பார்க்கற 17 இன்ச் செட்டப்பை அப்படியே காப்பி அடிக்காதீங்க. இன்ஜினியரிங் படிக்கிறோம். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கணக்காவது போட்டுப் பார்க்கலாமே.

முதல் கணக்கு, டயர். ஸ்விஃப்ட்டை எடுத்துக்குவோம். கீழ் வேரியன்ட்டுக்கு கம்பெனி கொடுக்கறது 165/80 ஆர்14. இதுல 165 என்பது டயரோட அகலம், மி.மீட்டரில். சைட்வால் உயரம் அந்த அகலத்துல 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 14 இன்ச் ரிம்முக்கு மேலேயும் கீழேயும் அதைக் கூட்டினா மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. மேல் வேரியன்ட்டுக்கு வர்ற 185/65 ஆர்15-க்கும் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட அதே விட்டம்தான். 205/45 ஆர்17 போட்டாலும் 616 வருது. ஸ்பீடோமீட்டர் பெருசா பொய் சொல்லாது.

அப்புறம் என்ன பிரச்சினை? சைட்வால் 132-லிருந்து 92-க்கு இறங்கிடுச்சு. ரிம் பெருசாக, 40 மி.மீ. ரப்பரும் காத்தும் காணாமப் போச்சு.

நம்ம ஏரியாவுல அந்த 40 மி.மீ. ரொம்ப முக்கியம். துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் டிரெய்லர், ரிஃபைனரிக்கு வர்ற டேங்கர் லாரி எல்லாம் ராத்திரி பகலா ஓடற ரோடு இது. மழை பெஞ்சா பள்ளம் எங்கே இருக்குன்னே தெரியாது. சைட்வால் குட்டையா இருந்தா, பள்ளத்தோட விளிம்பு டயரை ரிம்மோட சேர்த்து நசுக்கும். டயர்ல புடைப்பு வரும், அலாய்ல விரிசல் விடும். ஸ்டீல் ரிம் வளைஞ்சா தட்டி நிமிர்த்தலாம். விரிசல் விட்ட அலாயை வெல்டு வெச்சு ஓட்டறது ரிஸ்க். பக்கத்துல டிரெய்லர் வரும்போது காத்து இறங்கினா எங்கே ஒதுங்குவீங்க?

"அகல டயர்னா க்ரிப் அதிகம் மச்சி"ன்னு சொல்லுவாங்க. காஞ்ச ரோட்டுல சரி. தண்ணி தேங்கின ரோட்டுல, அதே எடை அகலமான பரப்புல பரவறதால டயர் சீக்கிரமே தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கும்.

ரெண்டாவது கணக்கு, ஆஃப்செட். ரிம்மோட அகலத்துக்கு நடுவுல ஒரு கோடு இருக்கறதா நினைச்சுக்கோங்க. அந்தக் கோட்டுக்கும், ரிம் ஹப்போட ஒட்டற முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். ரிம்முக்குப் பின்னாடி 'ஈ.டி. 45' மாதிரி போட்டிருக்கும். அந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும்.

உதாரணமா, 5.5 இன்ச் அகலம், ஈ.டி. 45 இருந்த இடத்துல 7 இன்ச் அகலம், ஈ.டி. 35 போடறீங்க. அகலம் கூடினதால ரெண்டு பக்கமும் 19 மி.மீ. அதுபோக ஆஃப்செட் 10 மி.மீ. வெளியே இழுக்குது. மொத்தம் வெளிப்பக்கம் 29 மி.மீ., உள்பக்கம் 9 மி.மீ. நாலு பேர் ஏறினா ஃபெண்டர்ல உரசும். வீல் பேரிங் மேல நெம்புவிசை கூடும். பள்ளத்துல ஸ்டீயரிங் கையை உதறும். வெளியே நீட்டின டயர் வாரி அடிக்கற சேறும் கல்லும் பின்னாடி வர்ற பைக்காரர் மேலதான் போய் விழும்.

நாலு போல்ட் பொருந்தினா போதும்னும் நினைக்காதீங்க. நடு ஓட்டை ஹப்பை விடப் பெருசா இருந்தா ஹப் ரிங் போடணும். இல்லைன்னா வேகத்துல அதிரும்.

என் கருத்து இதுதான்: உங்க மாடலோட மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனியே கொடுக்கற அளவோட நிறுத்துங்க. ஸ்விஃப்ட்டுன்னா 15 இன்ச். ஆஃப்செட்டை மாத்தாதீங்க, ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். மிச்சமாகற காசுல நல்ல டயர் வாங்குங்க. கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும் குறுக்கே வரும், இன்ஷூரன்ஸ் க்ளெய்முலயும் கேள்வி வரும்.

நம்மள்ல பல பேர் ஓட்டற கார் நம்ம கார் இல்லை. ஈ.எம்.ஐ. கட்டறது அப்பா. பாதி ராத்திரி பாட்டியை ஸ்டான்லிக்குக் கூட்டிட்டுப் போகணும்னாலும் அந்த ஒரே வண்டிதான். அது ஷோவுக்கு நிக்கற வண்டி இல்லை, எந்த மழையிலயும் வீடு வந்து சேர வேண்டிய வண்டி.