நாய் ஓடவில்லை, பெல்ட் கழன்றது

'நாய் ஓடிப்போய்விட்டது' என்ற வாக்கியத்தின் மேல் எனக்கு நீண்ட நாளாகவே ஒரு கோபம் உண்டு. முத்தியால்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டை வரை காலையில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு மின்கம்பத்தில், மழையில் பாதி கரைந்த ஒரு தாள் தொங்கும். காணவில்லை, வெள்ளைப் பொமரேனியன், கண்டுபிடித்துத் தருபவருக்குத் தக்க சன்மானம். நிறம் இருக்கும், வயது இருக்கும், தொலைபேசி எண் இருக்கும். எப்படிக் காணாமல் போனது என்று மட்டும் இருக்காது. 38 வருஷம் அரசாங்கக் கோப்பு எழுதியவன் நான். 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தால் மேலே இருப்பவர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். இந்தச் சுவரொட்டிகளை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

காரணத்தை நான் எழுதுகிறேன். பெல்ட் பூட்டியபடியே இருந்தது. தலை மட்டும் வெளியே வந்துவிட்டது. நான் விசாரித்த வரையில் பெரும்பாலும் இதுதான் கதை.

போன வருஷம் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு வீட்டில் மூன்று கிலோ எடையில் ஒரு பொமரேனியன். அதைக் காலையில் நடக்கக் கூட்டிப்போவது அந்த வீட்டில் வேலை செய்த அம்மா. திருப்பத்தில் ஒரு சாவு ஊர்வலம் வந்தது. மேளம், பூ, கூடவே சரவெடி. நாய் நான்கு காலையும் ஊன்றி நின்றது, தலையைத் தாழ்த்தியது, பின்னால் போனது. அந்தம்மா கயிற்றைத் தன் பக்கம் இழுத்தார். வேறு என்ன செய்வார்? பெல்ட் அவர் கைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் ஈசிஆர் ஓரத்தில் நாயை எடுத்தார்கள்.

'அவள் விட்டுவிட்டாள்' என்று மறுநாளே அந்தம்மாவை நிறுத்திவிட்டார்கள். பதினைந்து நாள் சம்பளமும் தரவில்லை. நான் என் வாசலில் நின்று பார்த்தவன். கயிறு அவர் கையில் இருந்தது. பெல்ட் மூன்றாவது ஓட்டையில் பூட்டியபடி தொங்கியது. அந்த மூன்றாவது ஓட்டையில் பூட்டியது வீட்டுக்காரர். பெல்ட்டை வாங்கியதும் அவர்தான். அலுவலகத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். பீரோ பூட்டு கெட்டுப்போயிருக்கும், மெமோ மட்டும் பியூனுக்குப் போகும்.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் வைத்தியம், 'இன்னும் ஒரு ஓட்டை இறுக்கிப் போடுங்கள் சார்.' இதைவிட மோசமான யோசனை கிடையாது. சின்ன நாயின் மூச்சுக்குழல் மெல்லிய குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷையர் டெரியர் மாதிரியான சிறு சாதிகளுக்கு அந்த வளையங்கள் தளர்ந்து குழல் தட்டையாகும் நோய் அதிகம் வரும். வாத்து கத்துவதுபோல் ஒரு வறட்டு இருமல் வரும், அதுதான் அடையாளம். அந்தக் கழுத்தில் இறுக்கிக் கட்டி இழுத்தால் என்ன ஆகும்? பக் நாய்க்குக் கண் வெளியே துருத்திக்கொண்டு இருப்பதால் அதன் கழுத்தை நெரிக்கவே கூடாது, கண்ணுக்கே ஆபத்து. இழுத்தால் இறுகும் சுருக்குச் சங்கிலியைச் சின்ன நாய்க்குப் போடுகிறவர்களிடம் பேச எனக்கு விருப்பமில்லை.

பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகவேண்டும் என்பார்கள். சரிதான். யாருடைய விரல்? என் விரல் இரண்டும் என் பேத்தியின் விரல் மூன்றும் ஒன்று. இன்னொன்று, பொமரேனியனுக்குப் பாதி உடம்பு முடி. முடியின் மேல் இறுக்கமாகத் தெரிகிற பெல்ட், முடியை வெட்டிவிட்டால் வளையல் மாதிரி ஆடும். கோடையில் முடி வெட்டிய அன்றைக்கே பெல்ட்டையும் திரும்பப் பார்க்கவேண்டும், யார் பார்க்கிறார்கள்? நைலான் பெல்ட்டில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டை நாள்பட நாள்படத் தானாகவே நழுவிக் கொடுக்கும். தோல் பெல்ட் நீளும். வாங்கிய அன்று சரியாக இருந்தது என்பது ஒரு பதிலே இல்லை.

சரி, அந்த நாய் எப்படி வெளியே வந்தது? நாய் முன்னால் இழுக்கும்போது பெல்ட் கழலாது. அது பின்வாங்கும்போது, நாம் எதிரில் நின்று இழுத்தால்தான் கழலும். நம் இழுப்பு அதன் மூக்கை நோக்கிப் போகிறது. காது படிந்துகொள்கிறது. பெல்ட் காதைத் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு தடுக்க ஒன்றுமே இல்லை. அதாவது நாம்தான் கழற்றிக் கொடுக்கிறோம். நாய் பிரேக் போட்டவுடன் செய்யவேண்டியது நேர் எதிரானது. இழுப்பை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, இரண்டடி நாயை நோக்கிப் போய் அதன் பக்கத்தில் நிற்கவேண்டும். இதை எந்தக் கடைக்காரராவது பெல்ட் விற்கும்போது சொல்லியிருக்கிறாரா? அந்தம்மாவுக்கு யாராவது சொன்னார்களா?

கடையில் கேட்டால் 'பாடி பெல்ட் போடுங்க' என்று ஹார்னெஸை எடுத்துக் காட்டுவார்கள். கழுத்தில் அழுத்தம் விழாது என்பதால் சின்ன நாய்க்கு அதுதான் நல்லது, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதோடு கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பின்வாங்கத் தெரிந்த நாய் அதிலிருந்தும் முன்னங்காலை உருவிக்கொள்ளும். நெஞ்சுக்கு ஒன்று, விலா முடிகிற இடத்தில் இடுப்புப் பக்கமாக இன்னொன்று என்று கூடுதல் வார் வைத்த ஹார்னெஸ் இருக்கிறது. இடுப்பு வார் நெஞ்சுக்கூட்டைத் தாண்டி வராது. அது கிடைக்காவிட்டால் பெல்ட், ஹார்னெஸ் இரண்டும் போட்டு, இரண்டையும் ஒரு குட்டை வாரால் சேர்த்துவிடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். மார்ட்டிங்கேல் என்று ஒரு பட்டையும் உண்டு. தலை ஒடுங்கிய கிரேஹவுண்ட் நாய்களுக்குப் பேர்போனது. நம் சிப்பிப்பாறைக்கும் அதே தலைதான். இழுத்தால் ஒரு அளவு வரை இறுகி அங்கேயே நின்றுவிடும், நெரிக்காது. நடக்கும்போது மட்டும் போடவேண்டும், வீட்டில் கழற்றிவிடவேண்டும், எதிலாவது மாட்டிக்கொள்ளும்.

எதைப் போட்டாலும், கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நாய்க்கு எதிரில் நின்று ஒரு பிஸ்கட் காட்டிக்கொண்டு மெதுவாக முன்னால் இழுங்கள். கூடத்தில் கழன்றால் பிஸ்கட்தான் நஷ்டம்.

பட்டனை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் நீளக் கயிறு இப்போது நாகரிகமாகிவிட்டது. கடற்கரைச் சாலையில் மாலையில் பார்க்கிறேன். நாய் எங்கோ, மனிதர் எங்கோ, நடுவில் போகிறவர் காலில் கயிறு. கைப்பிடி தவறி விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி தடதடவென்று நாயின் பின்னாலேயே ஓடிவரும். பயந்து ஓடுகிற நாய் இன்னும் பயந்து ஓடும். இதற்குக் காசு வேறு.

என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே லா ஃபோந்தேனைக் கொண்டுவருகிறார்கள். 1668-இல் வந்த கதை. கொழுத்த நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஓநாய், அதன் கழுத்தில் பட்டை தேய்த்த தழும்பைக் கண்டதும் சோறே வேண்டாம் என்று ஓடிவிடும். நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து, தப்பாகச் சொன்னால் அடி வாங்கிய கதை. 'நாய்க்குச் சுதந்திரம் வேண்டாமா' என்கிறார்கள். ஓநாய் ஓடியது காட்டுக்கு, மூன்று கிலோ பொமரேனியன் ஓடுவது சென்னை பஸ்ஸுக்கு எதிரே. பிரெஞ்சில் கழுத்துப்பட்டைக்கும் கழுத்து மாலைக்கும் ஒரே சொல், கொலியே. நம் ஊரில் பெல்ட் வாங்குகிறவர்களும் அப்படித்தான், மணி வைத்தது, கல் வைத்தது என்று மாலை வாங்குகிறார்கள். அளவு எடுக்க நாயைக் கூட்டிப்போவதில்லை.

அந்த நாட்டில் 2021-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நாய் வாங்குகிறவர் அதன் தேவைகளைத் தெரிந்துகொண்டதாக ஒரு சான்றிதழில் கையெழுத்திட்டு, ஏழு நாள் பொறுத்துத்தான் வாங்கமுடியும். நம்மிடமும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 11-ஆம் பிரிவின்படி குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் அதே பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆகவே, கழன்றுவிடும் என்று பயந்து சின்ன நாயை மாட்டுச் சங்கிலியில் வராந்தாவில் கட்டிவைப்பவர்கள் என்னிடம் நியாயம் கேட்க வரவேண்டாம். நாள் முழுக்கக் கட்டுண்ட நாய்தான் கதவு திறந்தவுடன் பாய்கிறது.

இத்தனைக்கும் மேல் கழன்றுவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டு என்று நினைக்கும், அல்லது பயப்படும். எப்படியானாலும் உங்களைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள், தீனி டப்பாவைக் குலுக்குங்கள், எதிர்ப்பக்கம் நாலடி ஓடிப் பாருங்கள். பெல்ட்டில் மட்டும் எண் இருந்தால் பெல்ட் கழன்றபோது எண்ணும் போய்விட்டது. ஹார்னெஸிலும் ஒரு தகடு மாட்டுங்கள். தோலுக்கடியில் போடும் 15 இலக்கச் சிப் கழலவே கழலாது.

தீபாவளி நெருங்குகிறது. அந்த வாரம் வெடி தொடங்குவதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக் கூட்டிவந்துவிடுங்கள். வேலைக்காரரிடம் கயிற்றைக் கொடுக்கிறவர்கள், பெல்ட்டைப் பூட்டி இழுத்துப் பார்க்கும் வேலையை நீங்களே செய்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் தெருக்காரரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர் என்று கேள்வி. அந்தம்மா இப்போது இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டில் வேலை செய்கிறார். பதினைந்து நாள் சம்பளம் இன்னும் பாக்கி. கொண்டுபோய்க் கொடுக்கச் சங்கடமாக இருந்தால் என்னிடம் கொடுக்கலாம், காலை ஏழு மணிக்கு வாசலில்தான் இருப்பேன்.