தோட்டா நிரப்பும் பழைய இயந்திரம்: வாங்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் சுட்டு முடித்த தோட்டாவின் வெற்று உறையை வீசிவிடுவதில்லை. புதிய மருந்தும் குண்டும் சேர்த்து, மேசையில் பொருத்திய ஓர் அழுத்து இயந்திரத்தால் அதை மறுபடியும் தோட்டாவாக்கிக் கொள்கிறார்கள். அங்கே அது பொழுதுபோக்கு, செலவும் மிச்சம். ஆர்.சி.பி.எஸ்., லீ, டில்லன் போன்ற நிறுவனங்களின் பழைய இயந்திரங்கள் இணையத்தில் சாதாரணமாகக் கைமாறுகின்றன.

இணையத்துக்கு எல்லை கிடையாது. குளுவாங்கிலோ கோத்தா திங்கியிலோ சில ஏக்கர் செம்பனை வைத்திருப்பவரின் கைப்பேசியிலும் அதே காணொலிதான் ஓடுகிறது. காட்டுப்பன்றித் தொல்லையால் நொந்துபோனவருக்கு, "பழையது ஒன்று வாங்கிப் போட்டால் தோட்டாச் செலவு குறையுமே" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அமெரிக்காவில் பொழுதுபோக்காக இருப்பது, மலேசியாவில் ஒருவரின் வாழ்நாளில் பாதியைச் சிறையில் கழிக்க வைக்கும் குற்றம்.

சட்டம் சொல்வது என்ன?

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பலரும் அறிந்திருப்பது இதை மட்டும்தான். வைத்திருப்பது ஒரு குற்றம், தயாரிப்பது அதைவிடப் பல மடங்கு கடுமையான வேறொரு குற்றம். வெற்று உறையில் மருந்து நிரப்பித் தோட்டாவாக்குவது தயாரிப்பு என்ற கணக்கில்தான் வரும்.

அனுமதியின்றித் தயாரிப்பவருக்கு முன்பு மரண தண்டனைகூட விதிக்க இடமிருந்தது. 2023 ஜூலை 4ஆம் தேதி நடப்புக்கு வந்த கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் அதை மாற்றியது. இப்போது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படி. முழுத் தண்டனையையும் அனுபவித்தால், 25 வயதில் உள்ளே போகும் இளைஞர் வெளியே வரும்போது அவருக்கு 55 வயதாவது ஆகியிருக்கும்.

அதோடு முடியவில்லை. தோட்டாவுக்குள் போகும் வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் சிறு மூடியும் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும். இயந்திரத்தை மலிவாக வாங்கிவிடலாம், ஆனால் அதற்குத் தேவையான பொருளை உரிமம் இல்லாமல் வீட்டில் வைக்கவே முடியாது. அந்த இயந்திரத்துக்கு வேறு உபயோகமும் இல்லை. வீட்டில் அது இருப்பதைப் பார்க்கும் விசாரணை அதிகாரி என்ன நினைப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடுமை எங்கிருந்து வந்தது?

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டப்புறத் தமிழர்களுக்கு அது அந்நியமான வரலாறு அல்ல. அவசரகாலத்தில் ஆயுதம் வைத்திருப்பது தூக்குக்குரிய குற்றமாக இருந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஒரு துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கேட்டுக்கொண்டும் தண்டனை நிறுத்தப்படவில்லை. அவசரகாலம் முடிந்த அதே 1960ஆம் ஆண்டில்தான் இன்றைய ஆயுதச் சட்டமும் வந்தது. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய இன்னொரு சட்டம் வந்தது.

அண்மைய நிகழ்வுகளும் கண்காணிப்பைத் தளரவிடவில்லை. 2024 மார்ச்சில் 6 கைத்துப்பாக்கிகளுடன் ஓர் இஸ்ரேலியர் கோலாலம்பூர் ஹோட்டலில் பிடிபட்டார். அதே ஆண்டு மே 17ஆம் தேதி அதிகாலையில் நம் ஜொகூரின் உலு திராம் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டு, இரண்டு போலீஸ்காரர்கள் உயிரிழந்தனர். இந்தச் சூழலில், "பன்றிக்காகத்தான் செய்தேன்" என்ற விளக்கம் எவ்வளவு தூரம் எடுபடும்?

மாட்டிக்கொள்வது யார்?

உரிமம் உள்ள துப்பாக்கி பெரும்பாலும் நில உடைமையாளரிடம்தான் இருக்கும். கூடப் போவதும், விளக்குப் பிடிப்பதும், பன்றியைத் தூக்கி வருவதும் தொழிலாளிகள். சட்டவிரோதத் துப்பாக்கி என்று தெரிந்தே உடன் செல்பவருக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. "நான் சும்மா கூடத்தான் போனேன்" என்பது தற்காப்பு ஆகாது.

உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. மருந்தின் அளவு சற்றே கூடினாலும் துப்பாக்கிக் குழாய் சுடுபவரின் முகத்தருகே வெடிக்கலாம். தேய்ந்துபோன பழைய இயந்திரம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

பழைய இரும்பு வாங்கி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1942 ஜனவரியில் பக்ரியிலும் பாரிட் சூலோங்கிலும் கடும் போர் நடந்த மாநிலம் இது. நிலத்தைத் தோண்டும்போதோ, தாத்தா காலத்துப் பெட்டியைத் திறக்கும்போதோ பழைய தோட்டா, குண்டு கண்ணில் பட்டால் தொடாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். உடனே போலீசுக்குத் தெரிவியுங்கள்.

வழி என்ன?

காட்டுப்பன்றித் தொல்லை உண்மையான பிரச்சினை. புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடுகின்றன. அதற்குச் சட்டப்படி வழி இருக்கிறது. துப்பாக்கிக்குப் போலீசிடம் உரிமம் கேட்கலாம், தோட்டாவை உரிமம் பெற்ற கடையில் அனுமதித்த அளவுக்கு வாங்கலாம். வேட்டையாட, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தானின் அனுமதியும் வேண்டும். துப்பாக்கி இல்லாதவர்கள் அத்துறையிடம் புகார் செய்யலாம், கன்றுகளைச் சுற்றி வேலி போடலாம்.

இந்த நடைமுறைகள் தமிழில் எடுத்துச் சொல்லப்படுவது அரிது. ஆலயத் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் ஊரைத் திரட்டும் நம் சங்கங்கள், மாவட்டப் போலீஸ் அதிகாரி ஒருவரையும் பெர்ஹிலித்தான் அதிகாரி ஒருவரையும் அழைத்து ஒரு மாலைப் பொழுது விளக்கக் கூட்டம் நடத்தினால் போதும். காணொலியைப் பார்த்து இயந்திரம் தேடும் இளைஞர், சட்டத்தை நீதிமன்றத்தில் முதன்முதலாகக் கேட்கும் நிலை வரக்கூடாது.