உள்வாங்கிய முலைக்காம்பும் அறுவைச் சிகிச்சையும்

பெங்களூரின் வடமேற்கேயுள்ள பீன்யாத் தொழிற்பேட்டையில் இயந்திரத் தொழிற்சாலைகளோடு ஆடைத் தொழிற்சாலைகளும் பல உள்ளன. ஆடை தைப்போருள் பெரும்பாலார் பெண்கள். மணமாகவிருப்பவரும் முதற் குழந்தையை எதிர்நோக்கியிருப்பவரும் அவருள் உளர். இவ்வயதுப் பெண்கள் பிறரிடம் சொல்லக் கூசி மறைக்கும் குறைகளுள் ஒன்று, முலைக்காம்பு வெளியே நீளாமல் உள்வாங்கியிருத்தலாகும். அழகுச் சிகிச்சை நிலையங்கள் பெருகியுள்ள நகரத்தில், சிறியதோர் அறுவையால் இக்குறையை நீக்கிக்கொள்ளும் எண்ணம் எழுவது இயல்பே. அறுவை தீதன்று, அதனை முதற்படியாகக் கொள்வதே தவறு.

காம்பின் அடியில் நார்த்திசு இறுகியிருத்தலும், பால் நாளங்கள் குறுகியிருத்தலும் இக்குறைக்குக் காரணங்கள். கொரிய நாட்டு மருத்துவர்களான ஹான், ஹோங் ஆகியோர் 1999-இல் இதனை மூன்று நிலைகளாக வகுத்தனர். முதல் நிலையில் காம்பு எளிதில் வெளிவந்து அப்படியே நிற்கும். இரண்டாம் நிலையில் வெளிவந்தும் மீண்டும் உட்செல்லும். மூன்றாம் நிலையில் வெளிக்கொணர்வதே அரிது. முதலிரு நிலைகளில் நாளங்களைக் காத்து நார்களை மட்டும் தளர்த்தும் அறுவை பெரும்பாலும் இயலும். மூன்றாம் நிலையிலோ நாளங்களையும் வெட்ட நேரிடலாம். வெட்டப்பட்ட நாளங்களின் வழியே பால் வாராது. தோற்றத்திற்காக மணத்திற்கு முன் செய்துகொள்ளும் அறுவை, பிறக்கப்போகும் குழந்தையின் உணவைப் பாதிக்கக்கூடும் என்பதை எத்தனை பெண்கள் அறிவர்?

குழந்தை காம்பை மட்டும் சப்பிப் பால் குடிப்பதில்லை. அதனைச் சூழ்ந்த கருவட்டத்தையும் வாய்நிறையப் பற்றியே குடிக்கிறது. ஆதலால் உள்வாங்கிய காம்புடைய தாயர் பலரும், நல்ல துணை கிடைப்பின், பாலூட்ட இயலும். பீன்யா வழியே செல்லும் நெடுஞ்சாலை தாவணகெரேக்கும் செல்கிறது. அவ்வூர் ஜே.ஜே.எம். மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் நிர்மலா கேசரீயும் அவருடன் பணியாற்றியோரும் 1993-இல் மிக எளிய முறையொன்றை வெளியிட்டனர். புதிய சிரிஞ்சு ஒன்றின் ஊசி பொருத்தும் முனையை வெட்டி நீக்கி, உள்தண்டை வெட்டிய பக்கமாகச் செலுத்த வேண்டும். வழவழப்பான மறுமுனையைக் காம்பின்மேல் வைத்துத் தண்டை மெல்ல இழுத்தால் காம்பு வெளிவரும். பிள்ளைப்பேற்றுக்குப் பின், பாலூட்டுமுன், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இவ்வாறு செய்யலாம். வலித்தால் இழுப்பைக் குறைக்க வேண்டும். எடுக்கும்போது தண்டைச் சற்று உள்ளே தள்ளிய பின்னரே எடுக்க வேண்டும். செலவு ஒரு சிரிஞ்சின் விலையே.

கருவுற்ற காலத்திலேயே காம்பை இழுத்துப் பழக்குவது வேறு. பிரிட்டனிலும் கனடாவிலும் நடைபெற்று 1994-இல் வெளிவந்த ஆய்வில், அப்பயிற்சியால் பயனேதும் காணப்படவில்லை. எனவே கருவுற்ற பெண்ணை இதற்காக வருத்துதல் வேண்டா.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இளமை முதல் உள்வாங்கியிருப்பது பெரும்பாலும் தீங்கற்றது. முன்பு இயல்பாயிருந்த காம்பு, அதிலும் ஒரு பக்கத்தில் மட்டும், புதிதாக உள்வாங்கினால் அது மார்பகப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அங்கே அழகுச் சிகிச்சைக்கு இடமில்லை. காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

களப்பணியாளர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: இக்குறை எப்போது தோன்றியது? இனிப் பாலூட்டும் எண்ணம் உண்டா? எளிய முறைகளை முயன்றதுண்டா? இவற்றிற்கு விடை கண்டபின்னும் அறுவை வேண்டுமாயின், நாளங்கள் காக்கப்படுமா என அறுவை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறியுமாறு அப்பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். தொழிலாளர் காப்பீடு பெற்ற பெண்கள் முதலில் பீன்யாவிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நாடலாம். உயர் வகுப்பு ஆசிரியைகள் உடற்கூற்றுப் பாடத்தில் இதனைக் கூச்சமின்றிக் கூறுவாராயின், அறியாமையால் கத்தியை நாடும் பெண்கள் குறைவர். வெட்டிய நாளத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்வது அரிது. வெட்டுமுன் கேட்பது எளிது.