தோண்ட மனமில்லாதவர் நடவேண்டாம்

மண்ணில் ஒருமுறை ஊன்றிவிட்டால் பயிரிட்டவனுடைய தயவை மறுபடி எதிர்பாராமல் தானே பெருகிக்கொண்டு போகும் பயிர்கள் சில உண்டு. அவற்றுள், மேல்நாட்டுத் தோட்டக்காரர்களால் முதல் ஆண்டில் வாயாரப் புகழப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் மனமாரச் சபிக்கப்படுவது ஜெருசலேம் ஆர்ட்டிசோக் என்று வழங்கும் கிழங்கு. புனித நகரத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வட அமெரிக்காவின் சுதேசச் செடி அது. சூரியகாந்தியின் நெருங்கிய உறவு. 3 மீட்டர் வரை நெடிதுயர்ந்து, கோடையின் கடைசியில் சிறிய மஞ்சள் மலர்களைச் சூடி, மண்ணுக்கடியில் முண்டும் முடிச்சுமான கிழங்குகளைத் திரட்டி வைப்பது. அதைக் களையென்று அடியோடு ஒதுக்குவோரின் கட்சியிலும் நான் சேரமாட்டேன். கவனிப்பே வேண்டாத பயிர் என்று சொல்லி யோசனையின்றி எங்கும் ஊன்றச் சொல்வோரின் கட்சியிலும் சேரமாட்டேன். நட்டவன் ஆண்டுதோறும் தோண்டியே ஆகவேண்டும் என்பதும், தோண்ட மனமில்லாதவன் நடாதிருப்பதே நலம் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இதன் பெருக்கத்துக்குச் சரித்திரமே சாட்சி. பிரெஞ்சு யாத்திரிகர் சாமுவேல் த சாம்ப்ளேன் 1605-ல் வட அமெரிக்காவின் கேப் காட் கரையோரத்தில், அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளின் தோட்டங்களில் இதைப் பயிராகக் கண்டு, ருசியில் ஆர்ட்டிசோக் என்ற வேறொரு காய்கறியை ஒத்திருப்பதாகக் குறித்துவைத்தார். ஐரோப்பாவுக்கு அது வந்து சேர அதிக காலம் பிடிக்கவில்லை. இங்கிலாந்தின் தாவர ஆராய்ச்சியாளர் ஜான் குட்யர், 1617-ல் கோழிமுட்டை அளவே உள்ள இரண்டு கிழங்குகளைப் பெற்று, ஒன்றைத் தாம் நட்டு மற்றொன்றைச் சிநேகிதர் ஒருவருக்குக் கொடுத்தார்; அவர் நட்ட அந்த ஒரே கிழங்கு, ஏறக்குறைய 9 லிட்டர் கொள்ளும் பெக் என்ற ஆங்கில மரக்கால் நிறைய விளைந்து, ஹாம்ஷயர் பிரதேசம் முழுவதற்கும் விதைக்கிழங்காயிற்று. 1629-ல் ஜான் பார்க்கின்சன் தமது தோட்டக்கலை நூலை வெளியிட்டபோதோ, லண்டனில் அது மலிந்துபோய், சாமானிய ஜனங்களும் அதைத் துச்சமாகக் கருதத் தொடங்கிவிட்டதாக எழுத நேர்ந்தது. அபூர்வப் பொருளாக வந்தது அலட்சியப் பொருளாக மாறுவதற்குப் பன்னிரண்டே ஆண்டுகள் போதுமாயிருந்தன.

இந்தப் பெருக்கத்தின் ரகசியம் விதையில் இல்லை; குளிர்ந்த ஐரோப்பியப் பிரதேசங்களில் அதன் விதை முற்றுவதே அரிது. கிழங்குதான் அதன் வம்சவிருத்தி. நம் வயல்களில் கோரைக்கிழங்கோடு மல்லாடியவர்களுக்கு இதன் சுபாவத்தை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முளைக்கண் உள்ள துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் அடுத்த வசந்தத்தில் அது முழுச் செடியாக எழுந்து நிற்கும். ஆகையால் இதை ஒழித்துவிடலாம் என்ற ஆத்திரத்தில் சுழல்கலப்பையை ஓட்டுபவர், ஒரு கிழங்கைப் பத்தாக நறுக்கித் தோட்டமெங்கும் தாமே நட்டவராகிறார். இன்னொரு சங்கதியும் உண்டு. இக்கிழங்கின் தோல் மெல்லியது. உருளைக்கிழங்கைப்போல் மாதக்கணக்கில் வெளியே வைத்தால் சுருங்கி வாடிவிடும். உறைபனியில் இறுகிய மண்ணுக்குள்ளேயோ கெடாமல் கிடக்கும். எனவே மண்ணையே களஞ்சியமாகக் கொண்டு, சமையலுக்கு வேண்டும்போது வேண்டிய மட்டும் தோண்டிக்கொள்வது வழக்கமாயிற்று. வழக்கம் நல்லதுதான்; ஆனால் அந்தக் களஞ்சியத்தில் மறந்துவிட்டதெல்லாம் மறுபடி பயிராகிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஆகவே இப்பயிரில் அறுவடை வேறு, அடக்குமுறை வேறு என்ற பேதம் கிடையாது. தண்டு காய்ந்தபின் தொடங்கி, வசந்தத்தில் முளை கிளம்புவதற்குள், மண்வாரியைக் காட்டிலும் கவைக்கோலைக்கொண்டு, வேர் ஓடிய எல்லைவரை கிளறி, சுண்டுவிரல் அளவுக் கிழங்கையும் விடாமல் பொறுக்கி எடுக்கவேண்டும். அதில் நல்லதாகச் சிலவற்றை மட்டும், 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், குறித்த பாத்திக்குள் திரும்ப ஊன்றவேண்டும். பெரிய பீப்பாயிலோ, நாற்புறமும் ஆழமாகத் தடுப்பு இறக்கிய பாத்தியிலோ வளர்ப்பது இன்னும் உத்தமம். முண்டும் முடிச்சுமான பழைய ரகங்களை விட, ஃப்யூஸோ போன்ற வழவழப்பான நீண்ட ரகம் தோண்டவும் சுத்தம் செய்யவும் சுலபம். கைமீறிப் பரவிய இடத்தை மீட்க ஒரு தருணம் உண்டு: ஜூன் மாதவாக்கில் பழைய கிழங்கு தன் சத்தையெல்லாம் தண்டுக்குக் கொடுத்துச் சூம்பியிருக்கும், புதிய கிழங்கு இன்னும் திரளத் தொடங்கியிராது, செடி தன் ஜீவசக்தியில் மிகவும் க்ஷீணித்திருக்கும் அந்தச் சமயத்தில் வெட்டியோ பிடுங்கியோ எறிந்து, ஆகஸ்டில் தழைத்ததை மறுபடி வெட்டி, அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தால் அது அடங்கும். பன்றிகளை உள்ளே விட்டு மண்ணைக் கிண்டச் செய்வது மேல்நாட்டுக் குடியானவர்கள் அறிந்த மற்றோர் உபாயம்.

இத்தனை பாடுபட்டு வளர்க்கத் தகுந்ததுதானா என்று கேட்டால், தகுந்ததே என்பேன். இரண்டாம் உலக யுத்தத்தில், ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்துவைத்து உருளைக்கிழங்கை வாரிக்கொண்டு போன காலத்தில், அந்நாட்டு ஜனங்களின் பசியைத் தணித்தவற்றுள் தோப்பினாம்பூர் என்று அவர்கள் அழைக்கும் இக்கிழங்கும் ஒன்று. பஞ்சகாலத்து நினைவு ஒட்டிக்கொண்டதால் யுத்தத்துக்குப் பின் ஒரு தலைமுறையே அதைத் தொட மறுத்தது. அந்த மனவேதனையை நான் மதிக்கிறேன். கிழங்கில் குறையும் இல்லாமலில்லை. இதில் மாவுச்சத்துக்குப் பதிலாக நிறைந்திருப்பது இனுலின் என்ற சத்து. அதைச் செரிக்கும் திறன் மனித உடலுக்குக் கிடையாது. பெருங்குடலின் நுண்ணுயிர்களே அதைப் புளிக்கவைக்கின்றன. அதனால் உண்டாகும் வாயு உபத்திரவத்தைக் குட்யரே 1621-ல் கண்டித்திருக்கிறார். குளிர் பட்ட கிழங்கில் இனுலினின் ஒரு பகுதி பழச்சர்க்கரையாக மாறி, இனிப்பு கூடுகிறது. முதல் உறைபனிக்குப் பின் தோண்டி, சிறிதளவே உண்டு பழகினால், பலருக்குத் தொந்தரவு குறையும்.

எனக்கு ஆற்றாமை உண்டாவது ஆற்றங்கரைகளை நினைக்கையில்தான். ஜெர்மனியில் ரைன் நதியின் கரைகளிலும், மத்திய ஐரோப்பாவின் வேறு பல ஓடைகளின் ஓரங்களிலும், தோட்டங்களிலிருந்து தப்பியும், குப்பையோடு கொட்டப்பட்டும், வேட்டை மிருகங்களுக்குத் தீனியாக நடப்பட்டும் பரவிய இச்செடி, வெள்ளத்தில் கிழங்கு கிழங்காக அடித்துச் செல்லப்பட்டு, கீழே இறங்கிய இடமெல்லாம் அடர்ந்து, சுதேசத் தாவரங்களுக்கு வெளிச்சமே விடாமல் மூடிவிடுகிறது. குளிர்காலத்தில் அதன் தண்டு பட்டுப்போனதும் கரை வெறுமையாக நிற்கும். கிழங்கைத் தேடி எலிகள் வளை தோண்டும். பெருக்கு வரும்போது மண் சரியும். தன் வேலிக்குள் அடங்காத பயிரால் வரும் நஷ்டத்தை நட்டவர் சுமப்பதில்லை, நதியும் அதன் கரையும் சுமக்கின்றன. ஆகையால் நீரோட்டத்துக்கு அருகே இதை நடுவதை முற்றிலும் தவிர்க்கவேண்டும். தோண்டிய மிச்சத்தை ஓடைக்கரையில் கொட்டுவதைக் குற்றமாகவே கருதவேண்டும். விதைக்கிழங்கு விற்போர், விளைச்சலின் பெருமையை அச்சிடும் அதே உறையில் தோண்டவேண்டிய பருவத்தையும் விலக்கவேண்டிய இடத்தையும் அச்சிடக் கடமைப்பட்டவர்கள். லண்டனிலும் டொரன்டோவிலும் குடியேறி வீட்டுத் தோட்டம் போடும் நம்மவர்கள், அண்டை வீட்டார் அன்போடு நீட்டும் இக்கிழங்கை வாங்கிக்கொள்ளுமுன், தோட்டத்தின் தாழ்வான பக்கம் மழைநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ளட்டும்.