தண்ணி போற தூரம்தான் ஊர்

செட்டியார்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே கரிசல். உங்க ஊர் எதுவரைக்கும்னு கேட்டால் பேரூராட்சி எல்லைப் பலகையைக் காட்டுவோம். தண்ணிக்கு அந்தப் பலகை தெரியாது. தேவியாறு, நகரியாறு, காயல்குடியாறு என்று இந்தப் பக்கத்து மலையிலிருந்து இறங்குவதெல்லாம் கண்மாய் கண்மாயாக நிரம்பி, மறுகால் பாய்ந்து, வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடா வரை போக வேண்டியது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் ஹாயேனா என்று ஒரு சின்னக் கிராமம். ரோடு அதோடு முடிந்துவிடும். அங்கே குடியேறிய பாலினேசிய மக்கள் ஊர் எல்லையைத் தண்ணியை வைத்தே போட்டார்கள். மலையில் தொடங்கி, ஓடையோடு இறங்கி, கடலுக்குள் பவளப்பாறை வரை ஒரே ஊர். பேரு அஹுபுவா. நடுவில் சேப்பங்கிழங்கு வயல். ஆமாங்க, நம்ம சேம்புதான்; நெல்லு மாதிரி தண்ணி கட்டி வளர்க்கிறார்கள். வயலுக்குள் வந்த தண்ணி வயல் வயலாக இறங்கித் திரும்ப ஓடைக்கே போகணும். மேலே இருக்கிறவர் ஓடையை வற்றடிக்கக் கூடாது. அவர்கள் மொழியில் தண்ணீருக்கு 'வாய்', செல்வத்துக்கு 'வாய்வாய்'. (நம்ம வாய்க்காலுக்கும் இதுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் கேட்க நல்லாத்தான் இருக்கு.)

19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கம்பெனிகள் வந்து ஹவாயில் பல ஓடைகளைத் திருப்பிக்கொண்டன. சேம்பு வயல்கள் காய்ந்தன. ஹாயேனா ஜனங்கள் தரிசாய்க் கிடந்த சேம்பு வயல்களைத் திருத்தினார்கள். 2015-ல் தங்கள் கடலில் எப்படி மீன் பிடிக்கணும் என்பதற்கு ஊர் வழக்கத்தை ஒட்டியே அரசு விதி போட வைத்தார்கள்.

இதை எழுதக் காரணம் என் தென்னந்தோப்பு. பத்து வருஷமாக உப்பும் மருந்தும் போடவில்லை. ஆனால் ரெண்டு போர் ஓடுது. போன கோடையில் கீழ்க்கண்மாய்ப் பாசனத்து அண்ணாச்சி ஒருத்தர் கேட்டார்: "உங்க தேங்கா இயற்கைதான் தம்பி. எங்க கிணறும் இயற்கையாத்தான் வத்துச்சா?"

பதில் வரலை.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். நம்ம கூட்டங்களை இனி ஊர்வாரியாகப் போடாமல் கண்மாய்த் தொடர்வாரியாகப் போடுவோம். மேல்கண்மாய்க்காரரும் கடைசிக் கண்மாய்க்காரரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரட்டும். மறுகால் ஓடை எங்கே அடைபட்டுக் கிடக்கு, யார் தோட்டத்தில் எத்தனை போர் என்று நோட்டில் எழுதுவோம். சண்டை வரும், வரட்டும்.

முதல் வரியில் என் பேரை எழுதிக்கோங்க. ரெண்டு போரில் ஒன்றை இந்த ஐப்பசியோடு நிறுத்துகிறேன். மட்டையையும் கதம்பையையும் இனி விற்பதில்லை. அத்தனையும் தென்னை மூட்டில் மூடாக்குக்கு.